நூற்று எண்பத்தொன்றாவது விநாடி

"அளவு சரிதான்னு எங்க அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். வேற யார் சொன்னாலும் அவங்க கேட்கிறதா இல்லை" என்றாள் அந்தப் பெண், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி.

ஆய்வாளரின் வீட்டைத் தேடி வருகிறவர்கள் ஏதோ காணாமற்போய்விட்டது என்றோ, யாரோ ஏய்த்துவிட்டார்கள் என்றோதான் வருவது வழக்கம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று சொல்லச் சொல்லி வந்தவள் இவள் ஒருத்திதான்.

ஆய்வாளர் என்றதும் தொப்பி போட்ட போலீஸை நினைத்துவிட வேண்டாம். எடை அளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் அவர். தராசு, படிக்கல், துணிக்கடை மீட்டர் கோல், பெட்ரோல் பம்ப் என்று அவர் கை படாத அளவு ஊரில் இல்லை. ஓய்வுக்குப் பிறகு ஜனங்கள் தங்கள் சிக்கல்களையும் அப்படியே கொண்டுவந்து அவர் முன்னால் வைக்கப் பழகிவிட்டார்கள். அவரும் அதே நிதானத்தோடு நிறுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

கூடவே அவருடைய கணவர் இருப்பார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், அதனால் எல்லாருக்கும் அவர் டிக்கெட்காரர். மனைவி வாயைத் திறப்பதற்குள் இவர் பத்து வார்த்தை பேசி, பதினோராவது வார்த்தையில் குற்றவாளியையும் பிடித்துவிடுவார். பிடித்த ஆள் பெரும்பாலும் தப்பான ஆள் என்பது ஒன்றுதான் குறை. ஆனால் ஒருமுறை பார்த்த முகத்தை அவர் மறந்ததே கிடையாது.

வந்த பெண்ணின் தாயாரை ஆய்வாளருக்குத் தெரியும். மெத்தை தைப்பவர். வருடா வருடம் அவர் கடையின் அளவு டேப்பைச் சோதிக்கப் போவது உண்டு. ஒரு தடவைகூட நூலளவு குறைந்ததில்லை. "அந்தம்மா சரின்னா சரி" என்று மெத்தைக்காரம்மா இன்றைக்கும் சொல்வாராம்.

மகள் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். அவள் ஒரு வயதுக் கைக்குழந்தையாக இருந்தபோது, நான்கு வயது அண்ணன் ரயில் நிலையக் கூட்டத்தில் தொலைந்துபோனான். இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் கடை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி ஒரு மெக்கானிக் வந்தார். அவரைப் பார்த்ததும் அம்மாவின் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்துவிட்டது. இறந்துபோன அப்பாவின் நெற்றி, அப்பாவின் நடை. விசாரித்தால், அந்த மெக்கானிக் ஒரு இல்லத்தில் வளர்ந்தவர். நான்கு வயது இருக்கும்போது ஏதோ ரயிலில் தனியாகக் கிடைத்த பிள்ளை என்பதற்கு மேல் அவரைப் பற்றி அங்கே எழுதியிருக்கவில்லை.

மகள்தான் இரண்டு பேரையும் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்துக்கொண்டு, விரல்நக அளவுக் கண்ணாடிச் சில்லில் டி.என்.ஏ.வை ஓடவிட்டு, அன்றைக்கே முடிவு சொல்கிற இடம் அது. போன வாரச் செவ்வாய்க்கிழமை நண்பகலில் போனவர்கள் நாலரை மணிவரை காத்திருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. அங்கே கொடுத்த படிவத்தாலேயே மகள் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாளாம். கடைசியில் தாளில் வந்த முடிவு: தாய் மகன் உறவு இல்லை.

"அழுதாக்கூடப் பரவாயில்லை. அழவே மாட்டேங்கறாங்க. தினமும் கடையை அடைச்சதும் லிஃப்ட்டுக்கு எதிர்ல ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கறாங்க. லிஃப்ட் இப்ப நல்லா ஓடுது. அந்த ஆளுக்கு அங்க வேலையே இல்லை" என்றாள் மகள்.

இன்னொரு முறை சோதித்துப் பார்க்கக் கூடாதா என்று டிக்கெட்காரர் கேட்டார். கேட்டுப் பார்த்தாயிற்று என்றாள். மெக்கானிக் ஒப்புக்கொள்ளவில்லை. 'நான் யாருக்கும் இல்லைன்னு எத்தனை தடவை எழுதி வாங்கிக்கறது?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

ஆய்வாளர் பரிசோதனைத் தாள்களை வாங்கி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அம்மாவுக்கு ஒரு தாள், மெக்கானிக்குக்கு ஒரு தாள். இரண்டிலும் மலைத்தொடர் வரைந்ததுபோல ஏறி இறங்கும் ஒரு கோடு. அம்மாவின் தாளில் நேரம் மூன்று பன்னிரண்டு, மற்றதில் மூன்று ஐம்பது. இரண்டின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரிசை எண்கள் இருந்தன, விநாடிக் கணக்கு. அம்மாவின் தாளில் அந்த வரிசை நூற்று நாற்பத்திரண்டில் முடிந்தது. மெக்கானிக்கின் தாளில் நூற்று எண்பத்தொன்றில் முடிந்தது. டிக்கெட்காரர் தோள்வழியே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் நகர்ந்துகொண்டார்.

"உங்க அம்மாகிட்ட ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லும்மா. அளவைப் பார்க்காம அளவு சரின்னு நான் யாருக்கும் சொன்னது இல்லை" என்றார் ஆய்வாளர்.

அந்தப் பெண் வாசலைத் தாண்டியதும் டிக்கெட்காரர் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். அவளேதான். இருபத்தாறு வருடம் அம்மா தொலைந்த பிள்ளையையே நினைத்துக்கொண்டிருந்தால் கூட இருந்த பெண்ணுக்கு வயிறு எரியாதா? பஞ்சை மாற்றி வைத்திருப்பாள். 'இல்லை' என்ற பதிலுக்கு அவள் இவ்வளவு அலைவதைப் பார்த்தாலே தெரியவில்லையா?

"எந்தப் பஞ்சை வெச்சு மாத்தியிருப்பா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"தன்னோடதை வெச்சுத்தான்."

"அவ பஞ்சை வெச்சிருந்தா அம்மாவோட பொருந்திப் போயிருக்குமேங்க. அவ அந்த அம்மா பெத்த பொண்ணாச்சே."

டிக்கெட்காரர் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, வேறு யாருடைய பஞ்சையாவது வைத்திருக்கலாம் என்றார். வைத்திருக்கலாம்தான், ஆனால் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று ஆய்வாளர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பரிசோதனைக்கூடம் ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது தளத்தில் இருந்தது. வரவேற்பறையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் குடுவை, சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். படமென்றால் இயற்கைக் காட்சி இல்லை. தாளில் இருந்தது போன்ற கோடுதான், பெரிதாக்கியது. தொடக்கத்தில் இரட்டைப் பிள்ளைகள்போல ஒட்டி நின்ற இரண்டு உயரமான முகடுகள், பிறகு பல் விழுந்த இடம்போல ஓர் இடைவெளி, அதைத் தாண்டி ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி மேலும் சில. கீழே 'எங்கள் முதல் ஓட்டம்' என்று எழுதியிருந்தது. டிக்கெட்காரர் அதன் முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை.

"இந்த ஆளை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்" என்று முணுமுணுத்தார்.

"அது ஆள் இல்லைங்க, கோடு" என்றார் ஆய்வாளர்.

அந்தச் சில்லை உருவாக்கிய டாக்டர் வெளியே வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். நாற்பது வயதிருக்கும். கலகலப்பான மனிதர். தன் சில்லைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கைகள் தாமாக ஆடும். அளவுத் துறை அம்மையார் ஆசையோடு கேட்டதும் மேசை விளக்கின் கீழே ஒரு சில்லை வைத்துக் காட்டினார். கண்ணாடிக்குள் தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஓடை, அதன் முனைகளில் கடுகளவு குழிகள்.

அவர் சொன்னது டிக்கெட்காரருக்கே புரிந்தது என்றால் யாருக்கும் புரியும். பஞ்சில் வந்த டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எட்டு இடங்களை மட்டும் வேறொரு கருவி ஒன்றரை மணி நேரத்தில் பல லட்சம் படியெடுத்துக் கொடுக்கும். அந்தத் துண்டுகளில் ஒரு சொட்டைச் சில்லின் குழியில் விடுவார்கள். ஓடை முழுக்கக் கூழ் நிரப்பியிருக்கும். மின்சாரத்தைக் கொடுத்ததும் துண்டுகள் கூழுக்குள் ஓடத் தொடங்கும். குட்டைத் துண்டு முந்தும், நீளத் துண்டு பிந்தும். கடைசியில் ஒரு வெளிச்சப் புள்ளியைத் தாண்டும்போது ஒவ்வொன்றும் ஒரு முகடாகப் பதிவாகும். பழைய முறையில் இந்த ஓட்டத்துக்கு மட்டும் பல மணி நேரம் ஆகும். இதில் மூன்றே நிமிடம்.

ஒவ்வோர் இடத்திலும் ஒருவருக்கு இரண்டு முகடு, ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. பெற்ற பிள்ளையென்றால் எட்டு இடங்களிலும் அம்மாவின் முகடு ஒன்றாவது இருந்தாக வேண்டும். அந்த மெக்கானிக்குக்கு ஐந்து இடங்களில் இல்லை.

"அடியில இருக்கற விநாடிக் கணக்கு எதுக்கு?" என்று கேட்டார் ஆய்வாளர்.

அதை யாரும் பார்ப்பதே இல்லை என்று டாக்டர் சிரித்தார். ஒவ்வொரு ஓட்டத்திலும் நீளம் தெரிந்த சில துண்டுகளையும் கூடவே ஓடவிடுவார்களாம். அதற்கு 'ஏணி' என்று பெயர். ஏணியின் படிகள் எப்போது வந்தன என்பதைப் பார்த்துக் கம்ப்யூட்டரே மற்ற துண்டுகளின் நீளத்தைக் கணக்குப் போட்டுவிடும். மனிதர்கள் அதில் தலையிட வேண்டியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு ஓட்டங்களையும் நடத்தியது யார் என்றும் ஆய்வாளர் கேட்டார். டாக்டர் கொஞ்சமும் தயங்காமல், உதவியாளர்தான் இரண்டையும் ஓட்டினார், என்ன சந்தேகமென்றாலும் அவரைத்தான் கேட்க வேண்டும் என்றார். அதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. புதன்கிழமை வந்து பார்த்த மருத்துவமனைக் குழுவுக்குச் சில்லு மிகவும் பிடித்துவிட்டதாம். டாக்டர் முகமெல்லாம் மலர்ச்சியாக உள்ளே போனார்.

உதவியாளருக்கு அங்கே பென்சில் என்று பெயர். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். பரிசோதனைக்கூடத்தில் பேனாவால் எழுதினால் ஸ்பிரிட் பட்டதும் மை அழிந்துவிடும், பென்சில் அழியாது என்பது அவர் கொள்கை. முப்பத்தைந்து வயதுக்காரர், பார்த்தாலே வேலையில் புலி என்று தெரியும். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாதத் தாள் ஒன்று தொங்கியது. காலை எட்டு முதல் மூன்று வரை மணிக்கு ஒருமுறை அறையின் வெப்பத்தை அதில் குறித்திருந்தார். எல்லா நாளும் இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்றே ஓடிக்கொண்டிருந்த வரிசையில் அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் பதினோரு மணிக்குப் பிறகு எகிறியிருந்தது. பன்னிரண்டுக்கு இருபத்தேழு, ஒன்றுக்கு முப்பத்தொன்று, இரண்டுக்கும் மூன்றுக்கும் முப்பத்துமூன்று. ஏ.சி. படுத்துவிட்டதாம். மறுநாள் காலையில்தான் ஆள் வந்து சரிசெய்தாராம்.

"சூடு ஏறினா ஓட்டம் என்ன ஆகும்?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"கூழ் இளகிடும்மா, எல்லாம் வேகமா ஓடும். ஏணியும் சேர்ந்தே வேகமா ஓடறதால கணக்கு தப்பாது. ஆனா குழியில விடற சொட்டு ரொம்பச் சின்னது. அந்தச் சூட்டுல தாமதிச்சா காஞ்சே போயிடும். அதனாலதான் அம்மாவோடதை நான் அவசர அவசரமா ஓட்டினேன்."

"அவரோடதை?"

"அது நான் ஓட்டலையே. மூன்றரைக்கு என் வேலை முடிஞ்சுது. டியூபை டாக்டர் கையில கொடுத்துட்டுக் கிளம்பிட்டேன்." பென்சில் ஒரு கணம் நிறுத்திவிட்டு, டாக்டர் அப்படியா சொன்னார் என்று கேட்டார். ஆய்வாளர் அந்த வெப்பத் தாளை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். வாசலுக்குப் போகும்போது, வரவேற்பறைப் படத்தில் இருப்பது யாருடைய டி.என்.ஏ. என்று மட்டும் கேட்டார். பென்சில் சொன்ன பதிலைத் தன் சிறிய நோட்டில் எழுதிக்கொண்டார்.

படி இறங்கும்போது டிக்கெட்காரர் மௌனமாக வந்தார். அது நல்ல சகுனம் இல்லை. தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்ததும் மனைவியின் பையிலிருந்து அந்த இரண்டு தாள்களையும் எடுத்து மேசையில் விரித்தார். மெக்கானிக்கின் தாளைப் பார்த்ததும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டார்.

"நான் சொன்னேன்ல? இதே முகம்தான். இதோ ரெட்டைப் பிள்ளை, இதோ விழுந்த பல்லு, இதோ தோள்ல சாய்ஞ்சது. சுவர்ல தொங்கறவனும் இவனும் ஒரே ஆள்" என்றார்.

ஆய்வாளர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு கணவரின் டம்ளரில் இன்னும் ஒரு தேக்கரண்டி சர்க்கரை போடும்படி கடைக்காரரிடம் சொன்னார். இனிப்பைக் குறைக்கச் சொல்லி மூன்று வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தவர் அவர். டிக்கெட்காரருக்குப் பதக்கம் வாங்கியது போலிருந்தது.

அன்று மாலையே லிஃப்ட் மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தார்கள். ஓர் அடுக்குமாடியின் இயந்திர அறையில் கம்பிவடத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பேச வந்த விஷயம் தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன்னை விட்டுவிடச் சொல்லிக் கும்பிட்டார். அந்த அம்மாவைப் பார்த்த அன்றிலிருந்து தனக்குத் தூக்கம் போய்விட்டது, ஆசை காட்டி மறுபடி கீழே தள்ள வேண்டாம் என்றார். தப்பு எங்கே நடந்தது என்று காட்டினால் வருவதாகவும், இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றும் முடித்துவிட்டார்.

"தம்பி, 'ஆமா'ன்னு நான் சொல்ல வரலை. அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், அந்தத் தாள்ல இருக்கறது நீங்க இல்லை" என்றார் ஆய்வாளர்.

மெக்கானிக் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரவேற்பறையின் நான்கு நாற்காலிகளும் போதவில்லை. மெத்தைக்காரம்மா விரலில் மாட்டிய தையல் உறையைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். பக்கத்தில் மகள். எதிரே மெக்கானிக். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பென்சில் கதவோரம். ஆய்வாளர் வழக்கம்போல மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"அளக்கற பொருளை எல்லாரும் பார்ப்பாங்க. அளக்கற கோலை யாரும் பார்க்கறதில்லை. என் வேலையே கோலைப் பார்க்கறதுதான். அதனால நான் இந்த ஏணியைத்தான் முதல்ல பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து இந்த இடம் அடுப்படி மாதிரி கொதிச்சிருக்கு. சூட்டுல எல்லாமே வேகமா ஓடும். அம்மாவோட ஏணி நூத்து நாற்பத்திரண்டு விநாடியில முடிஞ்சுது, சரி. முப்பத்தெட்டு நிமிஷம் கழிச்சு, அதே சூட்டுல, அதே மெஷின்ல ஓடினதாச் சொல்ற இவரோட ஏணி நூத்து எண்பத்தொண்ணு ஆயிருக்கு. அவ்வளவு மெதுவா ஓடணும்னா அறை குளுகுளுன்னு இருந்திருக்கணும்."

டாக்டர் இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உதவியாளரின் கவனக்குறைவால் வேறு யாருடைய டி.என்.ஏ.வாவது கலந்திருக்கலாம் என்றார். பென்சிலின் முகம் சிவந்தது.

"கலந்திருந்தா ரெண்டு பேரோட முகடும் சேர்ந்து கூட்டமாத் தெரியும். இதுல ஒரே ஒருத்தர்தான் சுத்தமா இருக்கார். அதோட, பஞ்சை யார் மாத்தினாலும், டியூபை யார் மாத்தினாலும், மாத்தினது அந்தச் சூட்டுலதானே ஓடியிருக்கும்? அதனால அன்னைக்கு வெளியில உட்கார்ந்திருந்த யாரும் இதைச் செய்யல." ஆய்வாளர் மகளின் பக்கம் திரும்பாமலே இதைச் சொன்னார். டிக்கெட்காரர் மட்டும் தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "இந்த ஓட்டம் அன்னைக்கு மத்தியானம் நடக்கவே இல்லை. என்னைக்கோ ஏ.சி. ஓடின ஒரு நாள் நடந்த ஓட்டம். கம்ப்யூட்டர்லேருந்து எடுத்து, மேல பேரையும் தேதியையும் மாத்தி அச்சடிச்சிருக்காங்க. உள்ளே இருக்கற விநாடியை மாத்தணும்னு தோணலை. அதைத்தான் யாரும் பார்க்கறதே இல்லையே."

"அதை ஏன் அவங்க செஞ்சிருக்கக் கூடாது?" என்று டாக்டர் பென்சிலைக் காட்டினார்.

"அவங்க மூன்றரைக்குப் போயிட்டாங்க. தாள்ல நேரம் மூணு ஐம்பது. அதைவிட, இது யாரோடதுங்கறதுதான் முக்கியம். உங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்காமே, எந்தப் புதுச் சில்லு வந்தாலும் செஞ்சவங்க சொந்த எச்சிலை வெச்சுத்தான் முதல்ல ஓட்டிப் பார்ப்பீங்களாம். நீங்க ஐநூறு அறுநூறு தடவை உங்களையே ஓட்டி வெச்சிருக்கீங்க. சுவர்ல தொங்கற அந்த முதல் ஓட்டமும் உங்களோடதுதானாம், பென்சில் சொன்னாங்க. கம்ப்யூட்டரைத் திறந்தா கைக்கு முதல்ல கிடைக்கறது நீங்கதான். என் வீட்டுக்காரர் முகம் மறக்கமாட்டார்."

டிக்கெட்காரருக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. சுவரிலிருந்து சட்டத்தை இறக்கி, மெக்கானிக்கின் தாளை அதன் பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள், விழுந்த பல், தோளில் சாய்ந்தது. வரிசை பிசகவில்லை. தினமும் அந்தப் படத்தைக் கடந்துபோகிற மனிதர்தான் அந்தத் தாளை அச்சடித்துக் கொடுத்திருந்தார்.

டாக்டர் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். மெக்கானிக்கின் சொட்டு சூட்டில் இரண்டு தடவை குழியிலேயே காய்ந்துபோனது. படியெடுத்து வைத்திருந்த துண்டுகளும் தீர்ந்துவிட்டன. மீண்டும் பஞ்சு எடுத்துத் தொடங்கினால் இருட்டிவிடும். மறுநாள் காலை பத்து மணிக்கு மருத்துவமனைக் குழு வருகிறது. சூடு கூடினால் சில்லு செத்துவிடும் என்று வெளியே இருந்தவர்களிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"தொலைஞ்சவங்களைத் தேடி இதுவரைக்கும் பதினோரு பேர் வந்திருக்காங்க. பதினொண்ணும் 'இல்லை'தான். இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன். உண்மையைத்தான் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடறோம்னு..." என்றார்.

"இந்தம்மா பன்னிரண்டாவது ஆள். பதினொரு பேரை அளந்ததை வெச்சு பன்னிரண்டாவது ஆளுக்குக் கணக்கு எழுதற கடையை நான் அன்னைக்கே பூட்டியிருப்பேன்" என்றார் ஆய்வாளர். அவர் குரலில் கோபத்தைக் கணவரே அன்றுதான் கேட்டார்.

குழுவுக்கு உள்ளது உள்ளபடி எழுதித் தருவதாக டாக்டர் ஒப்புக்கொண்டார். பென்சில் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. புதுப் பஞ்சுகளைப் பிரித்துவிட்டார். மெக்கானிக் ஆய்வாளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

படியெடுத்து முடிய ஒன்றரை மணி நேரம். யாரும் வெளியே போகவில்லை. மெத்தைக்காரம்மா மெக்கானிக்கிடம், "தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அவர் வேண்டாம் என்றார். அறையின் வெப்பம் இருபத்திரண்டு என்று பென்சில் தாளில் குறித்தார்.

அம்மாவின் ஓட்டம் முதலில் முடிந்தது. மெக்கானிக்கின் ஓட்டம் தொடங்கியதும் எல்லாரும் திரையின் முன்னால் கூடினார்கள், அம்மாவைத் தவிர. அவர் திரையைப் பார்க்கவே இல்லை, அந்தப் பிள்ளையின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி, மூன்று நிமிடத்தில் நின்றது. பென்சில் இரண்டு கோடுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, கொண்டையிலிருந்து பென்சிலை உருவி ஒவ்வோர் இடமாகத் தொட்டார்.

"ஒண்ணு, இருக்கு. ரெண்டு, இருக்கு. மூணு, இருக்கு."

ஐந்தாவதில் அவர் கொஞ்சம் நின்றார். மகள் திரைக்கு இன்னும் நெருங்கி வந்தாள். 'இல்லை' என்ற பதிலைத் தேடி வந்தவள் அவள்தான், இப்போது அந்தப் பதில் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

"இருக்கு. ஆறு, இருக்கு. ஏழு, இருக்கு." பென்சில் திரும்பி அம்மாவைப் பார்த்தார். "எட்டும் இருக்கும்மா. உங்க பிள்ளைதான்."

மெக்கானிக் மெல்லத் திரும்பினார்.

"எனக்கு ஒரே ஒரு ஞாபகம்தான் இருக்கு. யார்கிட்டயும் சொன்னதில்லை. இதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா, உங்களை நம்ப வைக்கறதுக்காகச் சொன்னதா ஆயிடும்" என்றார். "ஸ்டேஷன்ல நீங்க என் கையை விடல. நான்தான் உருவிக்கிட்டு ஓடினேன்."

இருபத்தாறு வருடமாக அந்தக் கையை விட்டது தான்தான் என்று அந்தத் தாய் நினைத்திருந்தார். தன்னை இடுப்பில் சுமந்ததால்தான் அண்ணனைப் பிடிக்க அம்மாவுக்கு ஒரு கை மட்டும் மிஞ்சியது என்று மகள் நினைத்திருந்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை.

"ஏன்டா ஓடினே?" என்று அம்மா கேட்டார்.

மெக்கானிக் யோசித்தார். பொய் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. "தெரியலம்மா. சும்மாதான்."

"சும்மாவா?" என்றாள் மகள். கேட்டுவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நடுவில் சிரிப்பும் வந்தது.

அம்மா எழுந்து வந்து அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார், நாலு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கே விழ வேண்டிய அடி. வைத்த கையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.